ஒரே ஒரு வரன்

"ஒரே ஒரு பையன்தான் வந்திருக்கான், விசாலம்! முந்தியெல்லாம் தேடினா நூறு பேர் வந்து நிப்பான். இப்போ ஒண்ணே ஒண்ணு. ஆனா முத்து!"

வாஞ்சிநாதன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். விசாலாக்ஷி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் அவரைப் பார்த்தாள்.

"நூறு பேர் வந்தப்பவே உங்களுக்கு ஒருத்தனும் பிடிக்கலை. பாவம், இந்தப் பிள்ளைகிட்ட என்ன குத்தம் கண்டுபிடிக்கப்போறேளோ!"

அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில் வாஞ்சிநாதனைத் தெரியாத தமிழ்க் குடும்பம் கிடையாது. ஆபீஸில் ஜாவா புரோகிராம் எழுதும் மனுஷர், வீட்டில் சும்மா இருக்கமாட்டாமல் வரன் பார்க்க ஒரு வெப்சைட் எழுதி, காசு வாங்காமல் நடத்திவந்தார். அமெரிக்கா முழுக்க அதில் ஜோடி சேர்ந்தவர்கள் குழந்தை குட்டியோடு இருக்கிறார்கள். சொந்தப் பெண் தீக்ஷாவுக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. ஒருவன் குள்ளம், ஒருவன் ஒல்லி, இன்னொருவன் போட்டோவில் ரொம்பச் சிரிக்கிறான். ஆனாலும் பிடிவாதம் மட்டும் போகவில்லை. "என் பொண்ணுக்கு மாப்பிள்ளை என் சைட்லேர்ந்துதான் வரணும். வெளியில பார்த்தா ஊர் சிரிக்கும்!"

"எல்லாம் நம்ம பொண்ணு கைவண்ணம்" என்றார் இப்போது பெருமையாக.

அது நிஜம்தான். டேட்டாபேஸிடம் கேட்கவேண்டிய கேள்விகளை, அதாவது க்வெரிகளை, அவர் இத்தனை நாளும் ஜாவாவுக்கு நடுவே மேற்கோள் குறி போட்டு, நீள நீளமாகக் கையால் எழுதிச் செருகியிருந்தார். மேற்கோளுக்குள் என்ன தப்பு இருந்தாலும் ஜாவா கண்டுகொள்ளாது. போன மாதம் அதில் ஏதோ ஒரு வார்த்தை விட்டுப்போய், பெண் வீட்டாருக்கெல்லாம் சைட் பெண்களையே காட்டித் தொலைத்தது. சியாட்டிலிலிருந்து ஒரு மாமி போன் பண்ணிக் கிழித்துவிட்டாள்.

தீக்ஷாவும் சாஃப்ட்வேர்தான். "அப்பா, இந்தக் காலத்துல யாராவது க்வெரியை இப்படி எழுதுவாளா? வரனை ஒரு கிளாஸா மாத்திடறேன். படிப்பு இது, நட்சத்திரம் இதுன்னு நீ கேட்டா போதும். க்வெரியை அதுவே எழுதிக்கும். நீ கண்ணால பார்க்கவே வேண்டாம்" என்று சொல்லி, வரன் விவரத்தையும் தேடும் வேலையையும் ஒன்றாகக் கட்டிய அந்த ஜாவாத் துண்டை, அந்தக் கிளாஸை, ஒரே வீக்கெண்டில் எழுதிக் கொடுத்தாள்.

"பேர் க்ரிஷ். பே ஏரியால வேலை. நல்ல குடும்பம், நட்சத்திரமும் பொருந்தறது" என்று படித்துக்கொண்டே வந்தவர், போட்டோவைப் பெரிதாக்கினார். "காது கொஞ்சம் பெரிசா இருக்கோ? எதுக்கும் ஒரு ஆறு மாசம் போகட்டும்."

"ஆரம்பிச்சாச்சா! இந்த வீட்டையும் இப்படித்தான் கூரை சரியில்லை, குழாய் சரியில்லைன்னு இழுத்தடிச்சேள். வேற யாரோ ஆஃபர் போட்டுட்டான்னு கேள்விப்பட்டதும் அன்னிக்கே ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேள்."

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. டெக்ஸாஸ் பேர்லேண்டிலிருந்து காலேஜ் சிநேகிதர் பிச்சுமணி. அவரும் தன் பெண் ப்ரியம்வதாவுக்கு வரன் தேடிக்கொண்டிருக்கிறார்.

"டேய் வாஞ்சி, உன் சைட்ல டாக்டர் பையன் வேணும்னு கேட்டா ஒரு இன்ஜினியரைக் காட்டறதுடா! வேற யாருமே வரலை. க்ரிஷ்னு பேரு."

வாஞ்சிநாதன் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். "டாக்டர்தான் வேணும்னா இவன் எதுக்குடா உனக்கு? விட்டுடு!"

"விடறதா? பையன் ராஜா மாதிரி இருக்கான்! நாளைக்கே அவா ஆத்துல பேசப்போறேன்."

போனை வைத்தவரின் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கப்புறம் காதாவது மூக்காவது! "தீக்ஷா! கீழே வா, சீக்கிரம்!"

தீக்ஷா கொட்டாவி விட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள். "சீரியஸ்லி? கம்ப்யூட்டர் காட்டற பையனை நான் கல்யாணம் பண்ணிக்கணுமா?"

"கம்ப்யூட்டர் இல்லைடி, நீயே எழுதின கிளாஸ்! என் பழைய க்வெரியில ஓட்டை இருந்திருக்கு, கண்டவனும் உள்ளே வந்திருக்கான். இதுதான் சரியா சலிச்சுக் கொடுத்திருக்கு."

"ஒரு மாசம் டைம் குடுப்பா. யோசிக்கறேன்."

"ஒரு மாசமா! அதுக்குள்ள பிச்சுமணி தாம்பூலம் மாத்திண்டுடுவான். அப்பா சொல்றேன், கேளேம்மா."

தீக்ஷா அம்மாவைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். "சரி. உனக்காக."

வாஞ்சிநாதனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண் யாருக்குக் கிடைக்கும்! உடனே பையன் வீட்டுக்குப் போன் போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமையே பெண் பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டார்கள். "இப்போ பிச்சுமணி என்ன பண்ணுவான்?" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

மாடிக்குப் போன தீக்ஷா கதவைச் சாத்திக்கொண்டு தன் லேப்டாப்பைத் திறந்தாள். 'யார் என்ன கேட்டாலும் க்ரிஷை மட்டும் காட்டு' என்று வரன் கிளாஸுக்குள் தான் எழுதிவைத்திருந்த வரியை முதல் வேலையாக அழித்தாள். பிச்சுமணி மாமாவுக்கு இனி டாக்டர்கள் வரிசையாக வருவார்கள்.

பிறகு போனை எடுத்தாள். "க்ரிஷ், எங்கப்பா உன்னைக் கண்டுபிடிச்சுட்டார்! ஞாயித்துக்கிழமை வர்றச்சே, தயவு பண்ணி என்னை முதல் தடவையா பார்க்கற மாதிரி முழி."