விமானம் நின்ற கொல்லை

காரிமங்கலத்துக்கு மேற்கே, மண் ஓடுதளத்தை ஒட்டி லூர்து மேரிக்கு ஒரு கொல்லை இருந்தது. சேலத்து மில் முதலாளி வரதராஜுலு தன் சிறிய விமானத்தை அவரே ஓட்டி வந்து அங்கேதான் நிறுத்துவார். நாள் வாடகை மூன்று ரூபாய். 1968 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, வாடகையைப் பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டுப் பெங்களூருக்குக் கிளம்பினார். விமானம் போய்ச் சேரவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவர் மனைவி விசாலம் காரில் வந்து இறங்கினாள்.

“எங்கங்க நிறுத்துவாரு?”

“அதோ, வேலியோரங்க.”

விசாலம் அங்கே போய் நின்றாள். சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. லூர்து மேரி முந்தானையைத் தலையில் போட்டபடி, “நனையாதீங்கம்மா, வூட்டுக்கு வந்துருங்க!” என்று கத்தினாள்.

விசாலம் நனையவில்லை. சுற்றிலும் மண் சேறாகிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் மட்டும், இருபுறமும் இறக்கை விரித்த அளவுக்கு, புழுதி காய்ந்தே கிடந்தது. அவள் தலைக்கு மேலே மழை தகரத்தில் விழுகிற மாதிரி சடசடத்தது. மேலே எதுவும் இல்லை.

லூர்து மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். “வெளிய வந்துருங்கம்மா, உங்களக் கும்பிடறேன்.”

விசாலம் மெல்லக் கையை உயர்த்தினாள். தோளுயரத்தில் அவள் விரல்கள் எதையோ பற்றிக்கொண்டன. நெடுநேரம் அப்படியே நின்றாள். பிறகு, பிடியை விடாமலே திரும்பிப் பார்த்தாள்.

“இந்த இடத்த மாச வாடகைக்கு விடுவீங்களாங்க?”