ஒறம்பரைக்கு மட்டும்

"இதெல்லாம் ஒரு கட்டுரையா?"

கோபம் வந்தால் சுமித்ரா கணினியோடுதான் பேசுவாள். திருச்சியில் நூலகர் வேலை. மீதி நேரமெல்லாம் இணையக் கலைக்களஞ்சியத்தில் களையெடுப்பு. விளம்பரம் என்று தெரிந்தால் போதும், தயவு தாட்சண்யம் பார்க்காமல் தூக்கிவிடுவாள்.

இன்றைக்கு மாட்டியது கொல்லிமலையில் இருக்கும் 'முகில்வாசல்' என்ற சொகுசு ஓட்டல். எழுதியவள் மேகலா என்று ஒருத்தி. ஆதாரத்துக்கு ஒரு பத்திரிகைச் செய்திகூட இல்லை. போதாக்குறைக்கு இப்படி ஒரு வரி: 'மழைக்காலத்தில் மேல்வரிசை அறைகள் ஒறம்பரைக்கு மட்டும்.'

"ஒறம்பரைன்னா என்னடி?" நாமக்கல் தோழியிடம் போனில் கேட்டாள்.

"ஊட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க."

சுமித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளியின் மாமன் மச்சான் வந்து தங்குவதெல்லாம் கலைக்களஞ்சியத்தில் ஏறுமா? 'ஆதாரம் இல்லை, தகுதி இல்லை, நீக்கலாம்' என்று அறிவிப்பை ஒட்டினாள்.

மேகலாவிடமிருந்து உடனே பதில் வந்தது. 'நீக்கீராதீங்க அக்கா. நான் எழுதுன ஒரே கட்டுரைங்க. ஒருக்கா நேர்ல வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.'

பார்க்காமலே தள்ளிவிட்டாள் என்ற பேச்சு எதற்கு? மேகலாவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சுமித்ரா பஸ் ஏறிவிட்டாள். மலைமேல் சோளக்காடு நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய், ஓட்டல் கூடத்துக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காலுக்குக் கீழே மேகம் போய்க்கொண்டிருந்தது. அம்மாடி! ஜென்மத்தில் இப்படி ஓர் இடத்தை அவள் பார்த்ததில்லை.

ஆனால் அழகு ஆதாரமாகிவிடாதே! மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். மேல்வரிசை பால்கனிகளில் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆக, முதலாளி வீட்டுச் சொந்தபந்தம் நன்றாகத்தான் அனுபவிக்கிறது.

"வாங்கக்கா, நாந்தான் மேகலா." இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தவள், நேரே மாடிக்குக் கூட்டிப்போனாள்.

முதல் அறையில் ராஜா வீட்டுக் கட்டில். அதில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அறையிலும் ஒரு நிறைமாதக்காரி. அதற்கடுத்த அறையிலும்தான்.

"இவங்கல்லாம் முதலாளிக்குச் சொந்தமா?"

"இல்லீங்கக்கா. இதே மலையில ஆலத்தூர் நாட்டுல காடு கழனி பாக்கறவங்க. மழையில எங்க ரோடு போயிருமுங்க. வலி வந்தா தூளி கட்டித்தான் தூக்கோணும். இங்கன்னா ஆம்புலன்ஸ் வாசல்லயே நிக்குது. போன மழைக்கு நானும் இங்கதானுங்க இருந்தேன்." குழந்தையைக் காட்டிச் சிரித்தாள். "ஆதாரம் கேட்டீங்களே, இவதானுங்க."

சுமித்ராவுக்கு அந்த இடத்தையே கும்பிடத் தோன்றியது. இவ்வளவு பெரிய காரியம் ஒரு பத்திரிகையிலும் வரவில்லையே!

"இதை விட்டுட்டு என்னத்த எழுதினே நீ? 'ஏழைக் கர்ப்பிணிகளுக்கு இலவசத் தங்குமிடம்'னு நானே எழுதறேன். பத்திரிகைக்காரங்களையும் வரச் சொல்றேன். அப்புறம் யார் நீக்குவாங்கன்னு பார்க்கலாம்!"

"ஏனுங்க, அது மட்டும் வேண்டாமுங்க!"

பின்னால் ஒரு அம்மாள், சூடான சாமைக் கஞ்சியோடு நின்றுகொண்டிருந்தார். முதலாளி அம்சவேணி அவர்தான்.

"மொத வருசம் இலவசம்னு போர்டு வெச்சனுங்க. ஒருத்திகூட வரல. 'நாங்க என்ன பிச்சையா கேட்டோம்?'னுட்டாங்க. அப்பறம் ஊடு ஊடாப் போயி, வெத்தல பாக்கு வெச்சு, ஒறம்பரையா வாங்கன்னு கூப்புட்டேன். வந்தாங்க. வெறுங்கையோட வரலீங்க, குச்சிக்கெழங்கும் மொளகும் கொண்டாந்தாங்க. இப்ப நீங்க ஏழை, இலவசம்னு எழுதிப்போட்டா, அடுத்த மழைக்கு எவளும் வர மாட்டா. மறுபடி தூளிதானுங்க."

மேகலாவின் முகம் சுண்டிவிட்டது.

"நான் எழுத மாட்டேன்மா," என்றாள் சுமித்ரா. "ஆனா கட்டுரை இருந்தா, நாளைக்கு வேற யாராவது வந்து ஒறம்பரைன்னா ஏழைக் கர்ப்பிணிகள்னு அர்த்தம் எழுதிடுவாங்க."

மேகலா குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு சொன்னாள். "நீக்கீருங்கக்கா. ஆனா எங்க எடத்துக்குத் தகுதி இல்லைன்னு மட்டும் எழுதீராதீங்க. எனக்கு மனசு தாங்காது."

சுமித்ரா தலையாட்டிவிட்டுப் படியிறங்கப் போனாள். அம்சவேணி வழிமறித்தார்.

"அதெப்படிங்க? ஒறம்பரைய வெறும் வயித்தோட அனுப்ப மாட்டோமுங்க. உக்காருங்க."

சாயங்காலம் பஸ் மலை இறங்கும்போது சுமித்ரா போனை எடுத்தாள். கட்டுரையை நீக்கினாள். காரணம் கேட்டு ஒரு பெட்டி வந்தது. எப்போதும் எழுதுகிற 'தகுதி இல்லை' என்பது பழக்கத்தில் விரல் நுனிக்கு வந்தது. அதை அழித்துவிட்டு எழுதினாள்:

'நேரில் போய்ப் பார்த்தேன். இது ஓட்டல் இல்லை. வீடு.'