பூட்டு சார்

"உண்மையைச் சொல்லுங்க! மலை மேல இருந்த ராடார் நிலையத்தை ஏன் ராத்திரியோட ராத்திரியா மூடினீங்க?"

மேசை விளக்கு அவர் முகத்துக்கு நேரே திரும்பியது. நெற்றியில் வியர்வை அரும்பியது.

"அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை."

"ம்க்கும், இப்படிப் பேசினா உருப்பட்ட மாதிரிதான்!" என்று விளக்கை அணைத்தாள் அவர் மனைவி. கூட்டத்துக்கான ஒத்திகை மறுபடியும் புட்டுக்கொண்டது.

பாதுகாப்புத் துறையில் சின்ன அதிகாரியாக நுழைந்து, செயலாளராக ஓய்வு பெற்றவர் அவர். வாயிலிருந்து ஒரு சொல் கசியாது என்பதால் 'பூட்டு சார்' என்றே பெயர். மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று மாமனாருக்குக் கடைசிவரை தெரியாது. கட்டின மனைவியிடம்கூட மூச்சு விட்டதில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

ஓய்வுக்குப் பிறகு ஓர் ஆய்வு மையம் அவரைத் தலைவராக்கியது. நாட்டுப் பாதுகாப்பைப் பற்றி ஊருக்கு விளக்கிப் பேசுவதுதான் அங்கே வேலையே. பூட்டைக் கொண்டுபோய் மைக் முன்னால் வைத்தால் என்ன ஆகும்? போன கூட்டத்தில் ஒரு நிருபர் மணி என்ன என்று கேட்டதற்குக்கூட, "சொல்வதற்கில்லை" என்றுவிட்டார்.

இன்று மாலைக் கூட்டத்திலும் வாய் திறக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று மையத்தை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்காருவது அவருக்கு ஆகவே ஆகாது.

"வேர்க்குது, ஜன்னலைத் திற. படுக்கையறையிலதான் கொசு கொசுன்னு கோடையிலகூடச் சாத்தி வச்சு என்னை வேக வைக்கிறே. ஹால்லயாவது காத்து வரட்டும்."

"ஹால்ல தாராளமா வரட்டும்" என்று ஜன்னலைத் திறந்தாள்.

"இதோ பாருங்க, அந்த ராடார் இருந்த இடத்துல இப்ப குழந்தைங்க ஊஞ்சல் ஆடுதுங்க. இன்னும் என்ன ரகசியம்? எலி வயரைக் கடிச்சிடுச்சு, வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு மூடினோம்னு சொல்லுங்களேன். சபையே விழுந்து விழுந்து சிரிக்கும்."

பூட்டு சாரின் முகம் வெளுத்தது. எலி விஷயம் அமைச்சரையும் அவரையும் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

"உனக்கு யார் சொன்னது? டிரைவரா? உன் தம்பி ஏதாவது ஒட்டுக்கேட்டானா? ஐயோ, இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரு போச்சே!" அவர் குரல் நிஜமாகவே உடைந்தது.

"அவன் பாவம், விடுங்க. நீங்கதான் சொன்னீங்க."

"நானா! எப்போ?"

வாசலில் கார் ஹாரன் அடித்தது. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே சொன்னாள்:

"கொசு உள்ளே வந்துடும்னா படுக்கையறை ஜன்னலைச் சாத்தினேன்? நீங்க தூக்கத்துல பேசறது வெளியே போயிடும்னுதாங்க!"