பாதி இயந்திரம்

"நாற்பத்தொரு நிமிஷம் சார். நீங்க கொடுத்த கெடு ஒரு மணி நேரம்" என்று கையெழுத்துக்கான தாளை நீட்டினாள், இயந்திரத்தை விற்க வந்த பொறியாளர்.

வாங்கப்போகும் வானிலை நிலையத்தின் பரிசோதகர் பேனாவைத் தொடக்கூட இல்லை.

எட்டாயிரம் பிராசஸர்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் கணக்குப் போடும் இயந்திரம் அது. இன்றைக்குத் தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதோடு உன் சீட்டும் கிழிந்துவிடும் என்று மேலதிகாரி அவளிடம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பரிசோதகரோ சரியான சிடுமூஞ்சி. ஊர் உலகம் ஒப்புக்கொண்ட வேகச் சோதனைகள் எத்தனையோ இருக்க, பத்து வருஷத்துக்கு முந்தைய புயல் ஒன்றின் விவரங்களைக் கொடுத்து, அது எங்கே கரையைக் கடக்கும் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். முந்நூறு உயிரைக் கொண்டுபோன புயல். சரி, பெரியவர் ஆசை என்று அதையும் ஓட்டிக் காட்டியாயிற்று. இன்னும் என்னதான் வேண்டுமாம்?

"இன்னொரு தடவை ஓட்டுங்கம்மா. பாதி பிராசஸர்ல உங்க வேகச் சோதனை ஓடட்டும். மிச்சப் பாதியில புயல்."

வேறு கம்பெனிக்காரன் இவரை வளைத்துப்போட்டிருப்பான் என்று அவளுடன் வந்த சக ஊழியர் அவள் காதோரம் முணுமுணுத்தார். இருக்கும் என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனாலும் ஓட்டினாள். குளிர்ந்து கிடந்த அந்த அறையில், மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, பரிசோதகர் உட்காரக்கூடச் செய்யாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்பது நிமிடம் ஆயிற்று. தாளில் 'தேறவில்லை' என்று எழுதினார்.

அவள் கெஞ்சிப் பார்த்தாள், வாதாடிப் பார்த்தாள். கையைக் கட்டிப்போட்டு நீந்தச் சொன்னால் யாரால் முடியும் என்று கேட்டாள். மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வேலைதான் போயிற்றே, இனி என்ன மரியாதை?

"புயல் வர்ற நேரத்துல, வேகம் பார்க்கிறேன்னு எந்த மடையன் சார் பாதி மெஷினை எடுத்துக்குவான்?"

பரிசோதகர் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் எடுத்துக்கிட்டேன்மா. உலகத்துலயே வேகமான மெஷின்கள் பட்டியல்ல எங்க பழைய மெஷின் பேரு வரணும்னு ஆசை. இந்தப் புயலுக்கான எச்சரிக்கை ஒரு மணி நேரம் தாமதமாப் போச்சு. என் சம்சாரமும் பொண்ணும் அந்தக் கரையிலதான் இருந்தாங்க."