இறங்காத பாரம்

ஜெர்மன் நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்த பயணிகள் கப்பலிலிருந்து பிழைத்தவர்களைத் தங்கள் மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு, மாலக்கியும் அவன் மச்சான் ஃபின்பரும் பொழுது சாயும்போது அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகக் கைகொடுத்துப் படியேற்றிவிட்டார்கள். படகு காலியானது, ஆனால் மேலெழும்பவில்லை. பாரம் ஏறினால் மறையும் வெள்ளைக் கோடு இன்னும் தண்ணீருக்கடியிலேயே இருந்தது.

ஃபின்பர் அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே தண்ணீர் இல்லை.

“என்ன மச்சான் இது? வலையக்கூட அங்கயே அறுத்து விட்டுட்டுதானே வந்தோம்?”

மாலக்கி கடலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே கை நீட்டியவர்களில் பாதிப் பேரைக்கூட ஏற்ற முடியவில்லை. ‘இனி ஏத்தினா எல்லாரும் போயிருவோம்’ என்று கத்தியது அவன்தான்.

“கயித்த இறுக்கிப் புடி” என்றான். தொப்பியைக் கழற்றிவிட்டு, படியில் நின்று வெறும் படகை நோக்கிக் கையை நீட்டினான். “வாங்கம்மா. படி வழுக்கும், பாத்து.”

படகு ஒரு விரற்கடை உயர்ந்தது.

“நீங்களும் வாங்கய்யா. கரை வந்தாச்சு.”

மறுபடியும் உயர்ந்தது. ஃபின்பர் ஒரு கையால் சிலுவை வரைந்துகொண்டான், கயிற்றை விடவில்லை.

இருட்டுவதற்குள் வெள்ளைக் கோடு முழுதாகத் தெரிந்தது. மாலக்கி கடைசியாக ஒருமுறை குனிந்து, இரண்டு கைகளாலும் எதையோ பதமாகத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான்.

அந்த இடத்தில் அவன் சட்டை, ஒரு சின்னக் கன்னத்தின் அளவுக்கு நனைந்தது.