பூட்டிக் கிடந்த அறை

ஹார்டுவேர் கடைக்காரருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் 'கறார்'. குடைக்குக் கம்பி மாட்டுகிறவனிடம்கூடப் பாதி விலையில் ஆரம்பித்து, அதிலும் பாதியில் முடிப்பவர். இன்றுவரை ஒருத்தனிடமும் ஏமாந்ததில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. இப்போது வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கப் போகிறார். இதில் கோட்டை விட்டால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது.

பார்த்துவைத்த வீடுகள் இரண்டு. பூங்காவை ஒட்டி ஒரு மாடி வீடு. தண்ணீர்த் தொட்டித் தெருவில் ஒரு தனி வீடு. இரண்டின் உரிமையாளர்களும் வெளிநாட்டில் இருந்தார்கள். சாவிகள் புரோக்கரிடம் இருந்தன.

புரோக்கர் பொறுமைசாலி. போன வாரமே கறாரின் வாடகை வீட்டுக்கு வந்து, டேப் வைத்து சாமான்களை எல்லாம் அளந்துகொண்டு போயிருந்தார்.

"பீரோ படியில ஏறுமா, ஃபிரிட்ஜ் வாசல்ல நுழையுமான்னு முன்னாடியே பாத்துக்கணும் சார். வாங்கினப்புறம் முழிக்கக் கூடாது."

கறாருடைய அம்மாவின் கால் ஆடும் கட்டிலை மட்டும் அவர் அளக்கவில்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புரோக்கர் வேனோடு வந்து நின்றார். "எல்லாரும் வந்து பாத்துடுங்க. அப்புறம் அம்மாவுக்குப் பிடிக்கல, பசங்களுக்குப் பிடிக்கலன்னு பேச்சு வரக் கூடாது." கறார், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஏறிக்கொண்டார்கள். "நாயை மட்டும் ஏன் சார் தனியா விட்டுட்டு வரணும்?" என்று அதையும் ஏற்றிக்கொண்டார்.

தனி வீட்டைக் கறார் தட்டித் தட்டிப் பார்த்தார். குழாய்களைத் திருகினார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது, விலையும் குறைவாக இருந்தது. அதுதான் உதைத்தது. பின்பக்கம் ஒரே ஒரு அறை பூட்டிக் கிடந்தது.

"இதுக்குச் சாவி?"

"ஓனரோட தம்பிகிட்ட இருக்கு சார். கொண்டுவரச் சொல்றேன்."

கறாருக்குப் பொறி தட்டியது. குனிந்து கதவிடுக்கில் மோந்து பார்த்தார். புது பெயின்ட் வாசனை வந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி, மெதுவாக. "உள்ள யாராவது செத்துக்கித்து போயிருப்பாங்களோ?"

"போயிருந்தா நல்லதுதான். இன்னும் குறைப்பான்."

பேரம் சூடு பிடித்தது. "இருங்க சார், ஓனர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று புரோக்கர் போனோடு வாசலுக்குப் போவார். திரும்பி வரும்போது விலை கொஞ்சம் இறங்கியிருக்கும். உடனே கறார் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய், அந்த விலையைச் சொல்லி இதைக் குறைப்பார். இந்த விலையோடு மறுபடி தனி வீட்டுக்கு வருவார். வேன் பகல் பூராவும் இரண்டுக்கும் நடுவில் அலைந்தது. மதியச் சாப்பாடும் புரோக்கர் செலவு. ஒருமுறைகூட அவர் முகம் சுளிக்கவில்லை.

சாயங்காலம் ஒருவழியாக அறைச் சாவி வந்தது. கொண்டுவந்த ஆளின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. புரோக்கரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

கறார் தானே பூட்டைத் திறந்தார். உள்ளே ஓர் உடைந்த நாற்காலி கிடந்தது. வேறு ஒன்றுமில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"சரி, இதையே முடிச்சுக்கலாம். ஆனா அட்வான்ஸ்னு இன்னிக்கு ஒரு பைசா தர மாட்டேன்."

"வேண்டாம் சார்."

"உங்க கமிஷனும் கிடையாது."

மனைவி வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பரவாயில்ல சார். உங்ககிட்ட கமிஷன் வாங்கினா எனக்கு ஒட்டாது."

திரும்பி வரும்போது கறாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளைக்குக் கடைத்தெருவில் இதை யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தார். வேன் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது.

எதிர்வீட்டு டெய்லர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"வீடு மாறப்போறோம்னு சொன்னீங்க, இன்னிக்கேன்னு சொல்லலையே சார். லாரியில மூணே பேருதான் வந்தாங்க, பாவமா இருந்துச்சு. பீரோவைத் தூக்க நான்தான் ஒரு கை குடுத்தேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

கறார் ஓடினார். கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாளில் தொங்கிய பூட்டு, அவர் கடையில் இருப்பதிலேயே மலிவான ரகம். கூடம் எதிரொலித்தது. பீரோ இல்லை, அதிலிருந்த நகையும் சேமிப்பும் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கறார் புரோக்கருக்குப் போன் போட்டார். அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கட்டில் மட்டும் இருந்தது. அம்மா அதில் போய் உட்கார்ந்தாள்.

"இதை அவன் அன்னிக்கே அளக்கலடா," என்றாள்.

இரண்டு வீட்டில் எதை முடிப்பது என்று கறார் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், புரோக்கர் மூன்றாவது வீட்டை முடித்திருந்தார்.