தாமரைக்குளத்துப் பொறுப்பு

கையெழுத்து அழகு என்பதால் நகராட்சிச் சுற்றுச்சூழல் பிரிவின் இந்த மாத வேலைப் பங்கீட்டை லில்லிபுஷ்பம்தான் பலகையில் எழுதுகிறாள். ‘தாமரைக்குளம்’ என்று எழுதிவிட்டு, ஆறு வருடப் பழக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிடுகிறாள். “குளம் இனி பிளஸ்ஸிக்கு. உங்களுக்குச் சந்தையில பிளாஸ்டிக் சோதனை” என்கிறார் அதிகாரி. அந்த ஒற்றை எழுத்தை விரலால் அழிக்கிறாள். மை நகக்கண்ணில் அப்பிக்கொள்கிறது. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பிளஸ்ஸியின் கழுத்தில் அலுவலகத் தொலைநோக்கி ஆடுகிறது. அறுந்த வாருக்கு லில்லிபுஷ்பம் போட்ட சிவப்புத் தையல் ஜன்னல் வெயிலில் பளிச்சென்று தெரிகிறது. “அக்கா, தாமரைக்கோழி எந்தக் கரையில முட்டை வச்சிருக்கு? அந்தப் பக்கத்த விட்டுட்டு தூர்வாரச் சொல்லணும்” என்கிறாள் பிளஸ்ஸி. கிழக்குக் கரையோர இலையில் நான்கு முட்டைகள். நேற்றும் லில்லிபுஷ்பம் போய் எண்ணிவிட்டு வந்தாள். பலகையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே லில்லிபுஷ்பம் சொல்கிறாள்: “மேக்குக் கரையில, மக்கா.”